சிவப்புக் கோடு போட்ட குழந்தைகள்

போன மாதம் கோவில்பட்டியில் நடந்த எங்கள் செவிலியர் சங்கக் கூட்டத்தில் எனக்குச் சால்வை போர்த்தினார்கள். ஓய்வு பெற்றவர்களைக் கூப்பிட்டுச் சால்வை போர்த்துவது வழக்கம்தான், அதில் ஒன்றுமில்லை. ஆனால் மைக்கைப் பிடித்த பெண், "பச்சைக் குழந்தைகளுக்கு இருதய ஆபரேஷன் பண்ண நம்ம பக்கத்து ஆஸ்பத்திரிக்கு அனுமதி வாங்கித் தந்தவங்க நம்ம அருள்மேரி சிஸ்டர்தான்" என்று சொல்லிவிட்டாள். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் போட்டோவுக்குச் சிரித்த முகமாக நின்றேன். வீட்டுக்கு வந்ததும் சால்வையை மடித்து அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன்.

எந்தெந்த ஆஸ்பத்திரியில் இந்த ஆபரேஷனைச் செய்யலாம் என்று முடிவு பண்ண மறுபடியும் ஒரு குழு போடப் போகிறார்களாம். அதில் உட்காரப் போகிற இளம் செவிலியர்கள் என் அனுபவத்தை எழுதித் தரச் சொல்லி இரண்டு தடவை போன் பண்ணிவிட்டார்கள். சரி, எழுதுகிறேன். அனுமதி வாங்கித் தந்தவள் நான் என்பது பாதிதான் உண்மை. அந்த அனுமதி முதலில் கிடைக்காமல் போனதற்குக் காரணமும் நான்தான். மேடையில் அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. விடுதிச் சாப்பாடு, வெள்ளைச் சேலை, ஆரஞ்சுப் பழத்தில் ஊசி போட்டுப் பழகியது, அவ்வளவுதான். முதல் வேலை ஓட்டப்பிடாரம் பக்கம், கிராம சுகாதார செவிலியராக. கரிசல் காட்டில் மழை பெய்துவிட்டால் சைக்கிள் நம்மைச் சுமக்காது, நாம்தான் சைக்கிளைச் சுமக்க வேண்டும். சக்கரத்தில் அப்பிய மண்ணைக் குச்சியால் நோண்டிக்கொண்டே எத்தனையோ பிரசவங்களுக்குப் போயிருக்கிறேன். வேலையைக் கற்றுக்கொண்டது அங்கேதான்.

பிறந்த குழந்தையைப் பார்க்கப் போகும்போது நான் முதலில் கேட்பது ஒரு ஈரத்துணி. பவுடரும் மஞ்சளும் மைப்பொட்டுமாக அலங்காரம் பண்ணி வைத்திருப்பார்கள், அதற்குள் குழந்தையின் நிறம் தெரியாது. உதட்டைத் துடைப்பேன், உள்ளங்காலைத் துடைப்பேன். அப்புறம் தாயைப் பால் கொடுக்கச் சொல்லிவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருப்பேன். இதில்தான் அவசரப்படக் கூடாது. நல்ல குழந்தை பாலை மடமடவென்று இழுக்கும். இருதயத்தில் கோளாறு உள்ள குழந்தை நாலு வாய் இழுக்கும், நிறுத்தும், மூச்சு வாங்கும், நெற்றி வியர்க்கும். பால் குடிக்கையில் வியர்க்கிற குழந்தையை நான் ஒருநாளும் அடுத்த வாரம் பார்க்கலாம் என்று விட்டதில்லை. அந்தப் பெயர் எனக்கு இருந்தது. அதனால்தான் பிற்பாடு, ஆஸ்பத்திரிகளுக்கு அனுமதி தர முதலில் போட்ட குழுவில் என்னையும் சேர்த்தார்கள்.

குழுவுக்குத் தலைவர் டாக்டர் நமசிவாயம். குழந்தை மருத்துவர், பெரிய பதவியில் இருந்தவர். உட்கார்ந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைப்பார். பென்சிலைப் பிளேடால் சீவி, சீவலைத் தன் கைக்குட்டையிலேயே மடித்துக்கொள்வார். பிறகுதான் கூட்டம். யாராவது "குழந்தை தவறிருச்சு" என்றால் நிறுத்திவிடுவார். "எங்க தவறிச்சு? கையிலருந்தா? செத்துப்போச்சுன்னு சொல்லுங்க. சொல்ல வாய் கூசினாத்தான் அடுத்த குழந்தையப் பாத்துக்குவீங்க" என்பார். யார் எதைச் சொன்னாலும் அவரிடமிருந்து ஒரே கேள்விதான் வரும். "நீங்க பாத்தீங்களா, யாராவது சொன்னாங்களா?" அவரைக் கண்டால் எல்லோருக்கும் பயம். எனக்குப் பயத்தோடு மரியாதையும் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது.

எங்கள் முன்னால் இருந்த விஷயம் இதுதான். பச்சைக் குழந்தைகளுக்கு இருதய ஆபரேஷன் செய்ய எங்கள் பக்கத்தில் இரண்டு ஆஸ்பத்திரிகள் அனுமதி கேட்டிருந்தன. பெயர் வேண்டாம். ஒன்றைத் தெற்கு என்கிறேன், எங்கள் ஊர்களிலிருந்து ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். இன்னொன்று வடக்கு, மதுரையையும் தாண்டிப் பாதி நாள் பயணம். இரண்டுக்கும் கொடுத்தால் என்ன என்று முதல் கூட்டத்தில் நான்தான் விவரம் தெரியாமல் கேட்டேன்.

டாக்டர் கோபப்படாமல் விளக்கினார். "சிஸ்டர், இந்த இருதயம் உங்க கட்டைவிரல் அளவு. வாரா வாரம் அதத் தொடுற கைக்கும் எப்பவாவது தொடுற கைக்கும் வித்தியாசம் இருக்கு. கை மட்டுமில்ல. மயக்க மருந்து கொடுக்கிறவர், மெஷின் பாக்கிறவர், பக்கத்துலயே நிக்கிற நர்சு, எல்லாரும் பழகணும். பழகணும்னா குழந்தைங்க வரணும். பக்கத்துல இருக்குன்னு ஒரு ஆஸ்பத்திரியத் திறந்து விட்டுட்டு, ஆள் வராம கை மறந்துபோனா, அங்க சாகிற குழந்தைக்கு யார் பதில் சொல்றது?" அவர் சொன்னது சரி. இன்று கேட்டாலும் சரி என்றுதான் சொல்வேன். ஆகவே கேள்வி கடைசியில் எண்ணிக்கையில் வந்து நின்றது. தெற்கு ஆஸ்பத்திரிக்குப் போதுமான அளவுக்கு எங்கள் பக்கத்தில் குழந்தைகள் இருக்கிறார்களா?

அந்த எண்ணிக்கையை எடுக்கும் வேலை என்னிடம் வந்தது. கோவில்பட்டி, கழுகுமலை, ஓட்டப்பிடாரம் என்று ஒவ்வொரு பகுதிச் செவிலியரும் இருதயக் கோளாறு கண்டுபிடித்த ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பட்டியலை அனுப்பினார்கள். வடக்குப் பக்கத்துப் பட்டியல்களும் வந்தன. பார்த்தால் நிறையக் குழந்தைகளின் பெயர் இரண்டு பட்டியலிலும் இருந்தது. கழுகுமலையிலும் இருந்தது, திருப்பூரிலும் இருந்தது. டாக்டரிடம் கொண்டுபோனேன். "ஒரு குழந்தைக்கு ஒரு இருதயம்தான் சிஸ்டர், ஒரு வரிதான் இருக்கணும். காப்பீட்டு அட்டை எந்த ஊரோ அந்த ஊர்ல வைங்க, மத்தத அடிங்க" என்றார்.

நான் அடித்தேன். ஸ்கேலை வைத்து, சிவப்புப் பேனாவால், கோணாமல் கோடு போட்டேன். வெளியூர் அட்டையா, அடி. ஓரத்தில் "வெ.அ." என்று குறித்தேன். மூன்று நாள் வேலை. கடைசியில் பட்டியல் அப்படிச் சுத்தமாக இருந்தது. டாக்டர் புரட்டிப் பார்த்துவிட்டு, "இப்படித்தான் இருக்கணும்" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வருவது சாதாரணமில்லை, எனக்குத் தலைகால் புரியவில்லை. தெற்குக்கு எண்ணிக்கை போதவில்லை. வடக்குக்குத் தாராளமாக இருந்தது. வடக்குக்கு அனுமதி, தெற்குக்கு இல்லை என்று முடிவாகி நானும் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த வருஷம்தான் முத்துலட்சுமியின் குழந்தை பிறந்தது. கழுகுமலைப் பக்கத்துப் பெண். கல்யாணத்துக்கு முன்னால் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தவள். புருஷன் கருப்பசாமிக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. அந்தப் பகுதிச் செவிலியர் விடுப்பில் இருந்ததால் ஏழாம் நாள் நானே குழந்தையைப் பார்க்கப் போனேன். ஆண் பிள்ளை. வழக்கம்போல ஈரத்துணி கேட்டு உதட்டைத் துடைத்தேன். நாவல்பழம் தின்ற வாய் மாதிரி இருந்தது.

"நேத்துலருந்து சரியா குடிக்க மாட்டேங்கான் நர்சம்மா. ரெண்டு வாய் இழுக்கான், விட்டுருதான்" என்றாள்.

"அழுதா மொகம் கறுக்குதா?"

"கறுக்குது. கோவக்காரப் பயன்னு எங்கம்மா சொல்லுதா."

"கோவமெல்லாம் இல்லம்மா. கிளம்பு, ஆஸ்பத்திரிக்குப் போணும். மாத்துச் சேலை ஒண்ணு எடுத்துக்கோ."

அவள் எழுந்து சேலையை எடுத்துப் பையில் வைத்தாள். என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். ஆம்புலன்ஸ் வந்தது, ஒரு மணி நேரத்தில் தெற்கு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கே இருந்தவர் இளவயது அறுவை மருத்துவர். ஸ்கேன் செய்து பார்த்துவிட்டு எனக்குப் படம் வரைந்து காட்டினார். குழந்தையின் இருதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் வழி அடைபட்டிருந்தது. வயிற்றுக்குள் இருந்தபோது திறந்திருந்த ஒரு சின்னக் குழாய் வழியாகத்தான் இத்தனை நாளும் ரத்தம் போயிருக்கிறது. அந்தக் குழாய் எல்லாக் குழந்தைக்கும் பிறந்த சில நாளில் தானாக மூடிக்கொள்ளும். இவனுக்கும் மூடிக்கொண்டிருந்தது. அதைத் திறந்து வைக்கச் சொட்டு மருந்து ஏற்றினார். கொஞ்ச நேரத்தில் உதட்டில் சிவப்பு வந்தது. முத்துலட்சுமி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"இங்கேயே ஆபரேஷன் பண்ண முடியாதா டாக்டர்?" என்று கேட்டேன். பதில் தெரிந்தே கேட்டேன்.

"எனக்குக் கை இருக்கு சிஸ்டர், கூட நிக்க ஆள் இல்ல. அனுமதி வரும்னு சேத்து வச்ச ஆளுங்க எல்லாம் வரலன்னதும் போயிட்டாங்க. வடக்க போன் பண்ணிட்டேன், அங்க ரெடியா இருப்பாங்க. இந்த மருந்துல சில குழந்தை மூச்சு விட மறந்துரும். வண்டியில கண்ண எடுக்காம பாத்துக்கோங்க" என்றார்.

நான் கண்ணை எடுக்கவில்லை. நல்ல வெயில். குழந்தையின் மார்பில் என் இரண்டு விரலை வைத்துக்கொண்டே போனேன். மதுரை தாண்டும் முன்னால் ஒருமுறை மூச்சு நின்றது. காலைச் சுண்டினேன், திரும்ப வந்தது. இரண்டாம் முறை ஆம்புலன்ஸ் பையன் பலூனை வைத்து மூச்சைக் கொடுத்தான், வந்தது. "இன்னும் எம்புட்டுத் தூரம் நர்சம்மா?" என்று முத்துலட்சுமி கேட்டுக்கொண்டே இருந்தாள். "கிட்ட வந்தாச்சும்மா" என்று நான் பொய் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவள் கழுகாசலமூர்த்தியைக் கூப்பிட்டாள், நான் மாதாவைக் கூப்பிட்டேன். மூன்றாம் முறை வரவில்லை. பலூனையும் நிறுத்தாமல் மார்பையும் அமுக்கிக்கொண்டே வெகுதூரம் போனோம். போய்ச் சேர இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. குழந்தை செத்துப்போனான். டாக்டர் சொல்லச் சொன்னபடி எழுதிவிட்டேன், வாய் கூசத்தான் செய்கிறது.

வடக்கு ஆஸ்பத்திரி வாசலில் கருப்பசாமி நின்றுகொண்டிருந்தான். திருப்பூரிலிருந்து நேராக அங்கே வந்துவிட்டான். வண்டிக் கதவைத் திறந்ததும் பாலித்தீன் உறையை என் முன்னால் நீட்டி, "இந்தாங்க சிஸ்டர், அட்டை கொண்டாந்துட்டேன்" என்றான். அவன் மகனை அதுவரை பார்த்ததே இல்லை.

குழந்தைச் சாவு ஒவ்வொன்றையும் விசாரித்து எழுத வேண்டும் என்பது எங்கள் வேலையில் ஒரு முறை. பத்து நாள் கழித்து, விடுப்பு முடிந்து வந்த செவிலியர் செல்வி படிவத்தோடு என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். நல்ல பிள்ளை. என் முகம் வாடியிருப்பதைப் பார்த்து ஆறுதலாக ஏதாவது சொல்ல நினைத்திருப்பாள்.

"சிஸ்டர், இது நம்ம பகுதியில வராதுல்லா? அட்டை திருப்பூர்ல்லா போட்டிருக்கு" என்றாள்.

நான் கையில் வைத்துக்கொண்டு போன குழந்தை, என் விரலுக்குக் கீழே மூச்சை நிறுத்திய குழந்தை, எங்கள் பகுதிக் குழந்தை இல்லையாம். அப்போதுதான் பழைய பட்டியல் நினைவுக்கு வந்தது. வீட்டுக்குப் போய் நகலை எடுத்துப் பார்த்தேன். சிவப்புக் கோடு ஒவ்வொன்றும் கோணாமல் இருந்தது.

எங்கள் கரிசல் பூமியில் மானாவாரி வெள்ளாமையை நம்பி எந்தப் பையன் உட்கார்ந்திருக்கிறான்? கல்யாணம் ஆனதும் திருப்பூர், கோயம்புத்தூர், சென்னை என்று போய்விடுகிறார்கள். ரேஷன் கார்டும் காப்பீட்டு அட்டையும் அங்கே போய்விடும். ஆனால் பிள்ளை பெற மட்டும் பெண் தாய் வீட்டுக்குத்தான் வருவாள். வளையல் போட்டுக் கூட்டிவந்தால், குழந்தைக்கு மூன்று மாதமோ ஐந்து மாதமோ ஆன பிறகுதான் திருப்பி அனுப்புவார்கள். இந்த ஆபரேஷன் அவசரமாகத் தேவைப்படுகிற குழந்தைகளுக்குத் தேவைப்படுவதே அந்த மாதங்களில்தான். அப்போது அவர்கள் இங்கேதான் இருக்கிறார்கள். நான் அவர்களை எல்லாம் இங்கே அடித்து, வடக்கே கூட்டிக் கொடுத்திருந்தேன். இது தெரியாதவள் இல்லை நான். என் இரண்டு பிள்ளைகளையும் நான் பெற்றது இடைசெவலில் என் அம்மா வீட்டில்தான். சுத்தமான பட்டியல் வேண்டும் என்கிற வெறியில், தாய் வீடு என்று ஒன்று இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

இரண்டு மாதம் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக்கூடப் போகாமல் ஊர் ஊராக அலைந்தேன். கோடு போட்ட ஒவ்வொரு வீட்டுக்கும் போனேன். "பிறந்து முதல் மூணு மாசம் குழந்தை எங்க இருந்துச்சு?" இது ஒன்றுதான் கேள்வி. "இங்கனதான், எங்க வீட்லதான்" என்றே பெரும்பாலும் பதில் வந்தது. சில வீடுகளில் குழந்தை தவழ்ந்துகொண்டு வந்து என் பையை இழுத்தது. சில வீடுகளில் குழந்தை இல்லை. அங்கே தண்ணீர் கொடுத்தார்கள், குடித்துவிட்டு எழுதிக்கொண்டு வந்தேன்.

புதுப் பட்டியலோடு டாக்டர் நமசிவாயத்திடம் போனேன். கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் கடைசி வரி வரை படித்தார். முத்துலட்சுமியின் குழந்தையைப் பற்றிச் சொன்னேன். "நீங்க பாத்தீங்களா?" என்று கேட்கவில்லை. பட்டியலை மூடி வைத்துவிட்டு, "குழுவுல ஒரே பொம்பள நீங்கதான். உங்கள எதுக்குப் போட்டேன்னு நெனச்சீங்க?" என்றார். அப்புறம், "விதி போட்டது நான். கேக்காம விட்டதும் நான். ஆனா நீங்க சொல்லியிருக்கணும்" என்றார். தட்டிக் கொடுப்பார், சமாதானம் சொல்வார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன் போல. வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அழுதேன். அவர் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை.

அவர் சும்மா இருக்கவில்லை. குழுவை மறுபடி கூட்டி, எல்லோர் முன்னாலும் தன் தப்பு என்றே சொன்னார். குழந்தை எந்த ஊர் அட்டை என்பதோடு எந்த ஊரில் இருக்கிறது என்றும் எழுத வேண்டும் என்று படிவத்தை மாற்றினார். அடுத்த வருஷம் தெற்குக்கு அனுமதி வந்தது. போன ஆட்கள் திரும்பி வந்தார்கள், ஆபரேஷன்கள் நடக்கின்றன, குழந்தைகள் பிழைக்கிறார்கள். எனக்குப் போர்த்திய சால்வை அதற்குத்தான்.

அனுமதி வந்த வாரம் நான் முத்துலட்சுமியைப் பார்க்கப் போனேன். அவள் தாய் வீட்டில்தான் இருந்தாள். வாசலில் உட்கார்ந்து தீப்பெட்டிக்கு மேல்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். ஆறு மாதம் இருக்கும், வயிறு தெரிந்தது. ஒரு சாக்கை விரித்து என்னை உட்காரச் சொன்னாள். இனிமேல் பக்கத்திலேயே ஆபரேஷன் செய்வார்கள் என்றேன். கேட்டுக்கொண்டாள். அதோடு எழுந்து வந்திருக்கலாம். என்னால் முடியவில்லை. பட்டியல், அட்டை, சிவப்புக் கோடு எல்லாவற்றையும் சொன்னேன். இங்கே அனுமதி இல்லாமல் போனதற்கு என் கணக்கும் காரணம், என்னை மன்னித்துக்கொள் என்றேன்.

பசை காய்வதுகூடத் தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இங்கனயே பண்ணியிருந்தா பொழச்சிருப்பானா நர்சம்மா?"

"தெரியலம்மா. பொழச்சிருக்கலாம். அம்புட்டுத் தூரம் கொண்டுபோயிருக்க வேண்டியதில்ல."

"வண்டியில வரும்போது ஒங்களுக்கு இது தெரியாதுல்லா?"

"சத்தியமா தெரியாதும்மா."

தலையை ஆட்டினாள். ஒட்டிய பெட்டிகளை வெயில் பக்கமாகத் தள்ளி வைத்தாள். அவள் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். போய்விடு என்றிருந்தாலும் போயிருப்பேன். அவள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, சந்தேகம் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"அவிய இன்னும் திருப்பூர்லதான் இருக்காவ. அட்டையும் அங்கதான் இருக்கு. இந்தப் புள்ளைய நான் எந்த ஊர்ல பெத்தா நீங்க சேத்துக்கிடுவிய?"